நேர்மையாக நடத்தினால் அண்டி ஆபீஸ் தாக்குப்பிடிக்குமா?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் பக்கத்தில் உங்கள் அப்பா நடத்திவந்த அண்டி ஆபீஸ் (முந்திரிக்கொட்டையைத் தல்லி, அதாவது உடைத்து, பருப்பெடுக்கும் ஆலை), அவர் மறைவுக்குப் பிறகு உங்கள் பொறுப்பில் வந்திருக்கிறது. 64 பெண்கள் வேலை செய்கிறார்கள். சென்னையில் ஒரு நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் ஏழு ஆண்டுகள் இருந்துவிட்டு வந்த உங்கள் முன்னால், கணக்குப்பிள்ளை முதல் மாதமே இரண்டு வருகைப் பதிவேடுகளை எடுத்து வைத்து, ஒன்று நமக்கு, மற்றது அதிகாரி வந்தால் காட்டுவதற்கு என்று சொல்லியிருக்கிறார். அதிகாரிக்கானதில் பாதி நாள்தான் பதிவாகியிருக்கிறது. கேட்டால், இந்தத் தொழிலில் எல்லாரும் இப்படித்தான் என்கிறார். ‘நேர்மையாக நடத்தினால் லாபம் வருமா, வராதா? ஒரே வரியில் சொல்லுங்கள்’ என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள்.

ஒரே வரியில் சொல்ல முடியாததற்குக் காரணம், அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. இந்த மாதம் முதல் ஒழுங்காகச் செய்தால் எவ்வளவு கூடுதலாகச் செலவாகும் என்பது ஒன்று. அந்தச் செலவைத் தாங்கிக்கொண்டு, தாங்காதவர்களோடு போட்டி போட முடியுமா என்பது இரண்டாவது. மூன்றாவதை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மற்ற இரண்டையும்விட அதுதான் பெரியது: இத்தனை ஆண்டுகள் குறைத்து எழுதியதற்கு இப்போது யார் பொறுப்பு? நான் இந்த மாவட்டத்தில் 27 ஆண்டுகளாகக் கணக்குத் தணிக்கை செய்துவருகிறேன். முந்திரி, ரப்பர், செங்கல் சூளை, ஜவுளிக்கடை என்று பல தொழில்களின் ஏடுகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. தோட்டண்டியை, அதாவது தோடு நீக்காத முந்திரிக்கொட்டையை, நான் ஒருநாளும் வாங்கி விற்றதில்லை. ஆகவே ஏடுகள் சொல்வதை உறுதியாகவும், சந்தை எப்படிப் போகும் என்பதைத் தயக்கத்தோடும்தான் சொல்வேன்.

உறுதியானதிலிருந்து தொடங்குகிறேன். கணக்கு எளிதாக இருக்க, ஒரு பெண்ணின் நாள் கூலி சராசரியாக 400 ரூபாய் என்றும், மாதம் 24 நாள் வேலை என்றும் வைத்துக்கொள்வோம். 64 பேருக்கு மாதக் கூலி 6,14,400 ரூபாய். முதலாளியின் பங்காக பி.எஃப். (வருங்கால வைப்புநிதி) 12 சதவீதம், நிர்வாகக் கட்டணமும் காப்பீடுமாக இன்னொரு சதவீதம், இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) 3.25 சதவீதம், ஆக 16.25 சதவீதம். இது மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு லட்சம். பாதி நாளை மறைப்பதால் உங்கள் ஆபீசுக்கு மாதம் 50,000 ரூபாய், ஆண்டுக்கு 6 லட்சம் ரூபாய் மிச்சமாகிறது. கணக்குப்பிள்ளை உங்களிடம் சொன்ன லாபம் இதுதான். சொன்ன அளவில் அவர் பொய் சொல்லவில்லை.

அவர் சொல்லாத மறுபக்கம் ஒன்று உண்டு. கூலி கொடுக்கும்போது பிடிக்காமல் விட்ட தொழிலாளியின் பங்கைப் பிற்பாடு அவர்களிடம் வசூலிக்கச் சட்டத்தில் இடமில்லை. இரண்டு பங்கையும் முதலாளிதான் கட்ட வேண்டும். பி.எஃப். இரு பங்குமாக 25 சதவீதம், இ.எஸ்.ஐ. இரு பங்குமாக 4 சதவீதம். மறைத்த கூலி ஆண்டுக்கு 36,86,400 ரூபாய் என்றால், அதில் 29 சதவீதம் 10 லட்சத்து 69 ஆயிரம். ஆண்டுக்கு 6 லட்சம் மிச்சம் பிடிக்கிற அதே நேரத்தில், ஏட்டில் எழுதாத கடன் 10 லட்சத்து 69 ஆயிரம் ஏறுகிறது. அதற்கு மேல் ஆண்டுக்கு 12 சதவீத வட்டியும் தாமதத்துக்கான இழப்பீடும் வரும். பணிக்கொடையும் (கிராஜுவிட்டி) இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டுச் சேவைக்கும் 15 நாள் கூலி. வேலையின் அளவுக்கேற்பக் கூலி வாங்கும் துண்டுக் கூலிக்காரர்களுக்குக் கடைசி மூன்று மாதச் சராசரியை வைத்து நாள் கூலியைக் கணக்கிடுவார்கள். ஆளுக்குச் சராசரி 12 ஆண்டு என்று வைத்தால் 72,000 ரூபாய். 64 பேருக்கும் 46 லட்சத்துக்கு மேல் போகும். தொடர்ச்சியான சேவை என்பதற்கு ஆண்டுக்கு 240 நாள் என்ற அளவு இருக்கிறது. பதிவேட்டில் நாளைக் குறைத்து எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் பதிவேடு குறைத்துச் சொல்வதாலேயே சேவை குறைந்துவிடாது. அன்றன்று பருப்பு நிறுத்துக் கொடுக்கும் துண்டுச் சீட்டை வைத்துப் பெண்கள் வழக்கு நடத்த முடியும். அந்தச் சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருப்பவர்கள் உங்கள் ஆபீசிலும் இருப்பார்கள்.

ஆகவே நீங்கள் கேட்கும் ‘லாபம்’ என்ற சொல்லை முதலில் சரிபார்க்க வேண்டும். அப்பா காலத்து லாபத்தில் ஒரு பகுதி தோட்டண்டியை நல்ல விலைக்கு வாங்கியதில் வந்திருக்கும், ஒரு பகுதி அவருடைய உழைப்பில் வந்திருக்கும். மற்றொரு பகுதி இந்தப் பெண்களிடம் அவர்களுக்கே தெரியாமல் வாங்கிய வட்டியில்லாக் கடன். மூன்றையும் ஒரே தலைப்பில் கூட்டி லாபம் என்று எழுதியிருக்கிறது. அப்படி எழுதிய ஏடுகளில் நானும் கையொப்பமிட்டிருக்கிறேன். தொழிலுக்கு வந்த முதல் சில ஆண்டுகளில், கொடுத்த பதிவேட்டை வாங்கிக்கொள்வதுதான் என் வேலை என்று நினைத்திருந்தேன்.

அந்த நினைப்பு மாறிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அறுபதை நெருங்கும் ஒரு பெண் ஒரு பிளாஸ்டிக் கவரோடு என் அலுவலகத்துக்கு வந்தார். வலது கையின் பெருவிரலும் சுட்டுவிரலும், தோட்டின் எண்ணெய் ஏறி ஏறி, எந்தச் சோப்பாலும் போகாத கறுப்பாகியிருந்தன. “சாரே, இருபத்திநாலு வருசம் அண்டி தல்லினேன். பென்ஷன் உண்டும்னு சொன்னாவ. எனக்க பேரு அதுல இல்லியா?” என்று கேட்டார். பேர் இருந்தது. சேர்ப்பதும் நீக்குவதும் இரண்டு ஆண்டு கழித்துப் புதியவரைப்போல மறுபடி சேர்ப்பதுமாக, 24 ஆண்டு உழைப்பு ஏட்டில் 7 ஆண்டு 4 மாதமாகச் சுருங்கியிருந்தது. மாத ஓய்வூதியத்துக்குப் பத்தாண்டு சேவை வேண்டும். குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய்தான். பெரிய தொகை இல்லை. ஆனால் அது அவருடைய ஆயுள் முழுக்க வந்திருக்கும். அதற்குப் பதில் ஒரே தடவையாக ஒரு சிறு தொகையை வாங்கிக்கொண்டு போனார். அவர் வேலை செய்த ஆபீசின் கணக்கில் சில ஆண்டுகள் என் கையொப்பம் இருந்தது என்பதை அவரிடம் நான் சொல்லவில்லை. இன்றுவரை அது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

இ.எஸ்.ஐ.யிலும் இதே கதைதான், ஆனால் விளைவு சீக்கிரம் தெரியும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு பங்களிப்புக் காலம், அக்டோபர் முதல் மார்ச் வரை மற்றொன்று. அந்த ஆறு மாதத்தில் 78 நாளுக்காவது பணம் கட்டியிருந்தால்தான் நோய்க்கால உதவித்தொகை கிடைக்கும். உங்கள் ஆட்கள் உண்மையில் 140 நாள் வேலை செய்திருந்தும் பதிவேட்டில் 70 நாள் என்று இருந்தால், கை வெந்து வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு ஒரு ரூபாய்கூட வராது. பாதி நாள் என்று எழுதியவர் இதை நினைத்து எழுதியிருக்க மாட்டார். ஆனால் அந்தப் பாதி சரியாக இந்த வரம்புக்குக் கீழே போய் நிற்கிறது.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பிடித்தம் வேண்டாம், முழுக் கூலியையும் கையில் கொடுங்கள் என்று பெண்களே கேட்பது உண்டு. 400 ரூபாய்க் கூலியில் இரண்டு பிடித்தமும் சேர்ந்து 51 ரூபாய். மகளிர் குழுத் தவணைக்கும் பிள்ளைகளின் பேருந்துச் செலவுக்கும் எண்ணி எண்ணிப் பிரிக்கும் வீட்டில் 51 ரூபாய் சின்னத் தொகை அல்ல. முதலாளிகள் இதையே காரணமாகச் சொல்வார்கள். அவர்கள் சம்மதித்தாலும் கட்டாமலிருக்கச் சட்டம் அனுமதிக்கவில்லை என்பது ஒருபக்கம் இருக்கட்டும். எதை இழக்கிறோம் என்று தெரியாமல் கொடுத்த சம்மதத்தை நான் சம்மதமாக எடுத்துக்கொள்வதில்லை. 78 நாள் கணக்கையும் பத்தாண்டுக் கணக்கையும் விளக்கிச் சொன்ன பிறகு எத்தனை பேர் வேண்டாம் என்கிறார்கள் என்று நீங்களே கேட்டுப் பாருங்கள். அதைவிட மோசமான இன்னொரு வழக்கமும் உண்டு: கூலியில் பிடித்துவிட்டுக் கட்டாமல் விடுவது. அது தாமதக் கணக்கில் வராது. குற்றவியல் நம்பிக்கை மோசடி. உங்கள் ஏட்டில் அப்படி ஏதாவது இருந்தால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அதை முதலில் தீருங்கள்.

இனி லாபம். நேர்மையும் லாபமும் உண்மையாகவே ஒரே பக்கம் நிற்கும் இடம் ஒன்று இந்தத் தொழிலில் இருக்கிறது. அது தல்லும் தளத்தில் இருக்கிறது. நான்கு கிலோ தோட்டண்டிக்கு ஏறக்குறைய ஒரு கிலோ பருப்பு தேறும். செலவில் பெரும்பங்கு தோட்டண்டியின் விலை. கூலி அதற்கு வெகுதூரம் பின்னால்தான் வரும். அப்படியானால் லாபத்தைத் தீர்மானிப்பது, வந்த பருப்பில் எவ்வளவு முழுசு, எவ்வளவு உடைசல் என்பது. ஒரு பவுண்டுக்கு 300 முதல் 320 பருப்பு நிற்கும் 320 கிரேடு முழுப் பருப்புக்கும், உடைந்த துண்டுக்கும் கிலோவுக்கு 200 ரூபாய் வித்தியாசம் என்று கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள். 1,000 கிலோவில் முழுப் பருப்பு 65 சதவீதத்திலிருந்து 70 ஆனால், 50 கிலோ துண்டு முழுசாகிறது. 10,000 ரூபாய் கூடுதல். இதே 1,000 கிலோவுக்குத் தல்லுக்கூலி கிலோவுக்கு 40 ரூபாய் என்றால் மொத்தம் 40,000. தராசில் கிலோவுக்கு 50 கிராம் குறைத்து நிறுத்தால் மிச்சமாவது 2,000 ரூபாய். அந்த 2,000 ரூபாய்க்காக 10,000 ரூபாயைத் தொலைத்த ஆபீசுகளை நான் அறிவேன். எடை குறைகிறது என்று தெரிந்த பெண் அதை வேகத்தில் ஈடுகட்டுவார். வேகம் கூடினால் உடைசல் கூடும். மாலையில் தராசுக்கு முன்னால் வரிசையில் நிற்கும்போது அவர்களின் கண் எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள்: முகம் முதலாளியைப் பார்த்தபடி இருக்கும், கண் முள்ளிலோ எண்ணிலோதான் இருக்கும். எண் தெரியும் பக்கத்தை அவர்கள் பக்கம் திருப்பி வைப்பதற்கு ஒரு காசும் செலவில்லை. மின்னணுத் தராசை ஆண்டுதோறும் எடையளவுத் துறையில் முத்திரையிட வேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

கையுறை பற்றியும் நீங்கள் கேட்டிருந்தீர்கள். வாங்கிக் கொடுத்தும் போட மறுக்கிறார்கள் என்று அலுத்துக்கொண்டிருந்தீர்கள். துண்டுக் கூலியில் கையுறை என்பது நேரடிக் கூலிக்குறைப்பு. உறையோடு தல்லினால் எடை குறையும். கையுறையைக் கொடுத்துவிட்டு விகிதத்தை மாற்றாமல் இருந்தால், பாதுகாப்பின் செலவை அவர்கள் தலையில்தான் ஏற்றியிருக்கிறீர்கள். வாரத்தில் இரண்டு நாள் உறையோடு வேலை செய்யும் நாளாக வைத்து, அன்று சராசரி நாள் கூலியை உறுதியாகக் கொடுத்துப் பாருங்கள். எடை எவ்வளவு குறைகிறது, உடைசல் எவ்வளவு மாறுகிறது என்ற கணக்கு ஒரு மாதத்தில் உங்கள் கையில் இருக்கும். அதன் முடிவு எப்படி வரும் என்று நான் முன்கூட்டிச் சொல்ல மாட்டேன்.

அடுத்தது, நேர்மைக்குச் சந்தை காசு கொடுக்காத இடம். பி.எஃப். முழுதாகக் கட்டியதற்காக உங்கள் டின்னுக்கு ஒருவரும் ஒரு ரூபாய் கூட்டித் தர மாட்டார்கள். 11.34 கிலோ டின்னைத் திறந்து பார்க்கும் வியாபாரிக்குப் பருப்பின் நிறமும் அளவும் தெரியும். அதைத் தோலுரித்த பெண்ணின் பெயர் பதிவேட்டில் இருக்கிறதா என்று தெரியாது. வாங்குகிறவருக்குத் தெரியாத தரத்துக்குச் சந்தையில் விலை கிடைக்காது, கடைசியில் நல்ல சரக்கு பின்வாங்கி மோசமானதே நிற்கும் என்று அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் அக்கர்லாஃப் பழைய கார் வியாபாரத்தை வைத்து 1970இல் விளக்கினார். 2001இல் நோபெல் பரிசும் பெற்றார். ஆகவே ‘நேர்மையாக இருந்தால் லாபம் தானாக வரும்’ என்று உங்களுக்கு யாராவது வாக்குறுதி கொடுத்தால் நம்பாதீர்கள். நல்லெண்ணத்தில் சொல்வார்கள். ஆனால் அதை நம்பி இறங்கியவர்கள் முதல் நட்டத்திலேயே பழைய பதிவேட்டுக்குத் திரும்பிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். கூலி விற்பனையில் பத்தில் ஒரு பங்கு என்றால் 16.25 சதவீதம் என்பது விற்பனையில் ஒன்றரை சதவீதத்துக்குச் சற்று மேல். மெலிந்த லாபத்தில் ஓடும் தொழிலில் ஒன்றரை சதவீதம் கனமானது.

அக்கர்லாஃப் காட்டிய நோய்க்கு மருந்து, தெரியாததைத் தெரியவைப்பது. நம் ஊரிலேயே அதற்கு முன்மாதிரி உண்டு. 1920களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ.வின் கிராம மறுகட்டமைப்பு மையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச் தேனீ வளர்ப்பைப் பரப்பினார். தேனில் சர்க்கரைப் பாகு கலந்திருக்கிறதா என்று பாட்டிலைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் தனித்தனியாக விற்பதைவிடக் கூட்டாகச் சேர்த்து, சோதித்து, ஒரே பெயரில் விற்பது பயன்பட்டது. மார்த்தாண்டம் தேன் என்ற பெயருக்குப் பின்னால் அந்த உழைப்பு இருக்கிறது. முந்திரியில் அதற்கு இணையாக ஏற்றுமதி வாங்குபவர்களில் ஒரு பகுதியினர் தொழிலாளர் நிலை குறித்த தணிக்கைச் சான்று கேட்கிறார்கள். அந்தச் சான்று பெறச் செலவு உண்டு. 64 பேர் உள்ள ஆபீசுக்கு அது கட்டுபடியாகுமா என்பது யாருக்கு விற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. உள்ளூர் இனிப்புக் கடைகளுக்கும் மொத்த வியாபாரிகளுக்கும் மட்டுமே விற்பதாக இருந்தால் இப்போதைக்கு அதில் பணம் போட வேண்டாம் என்பேன்.

போட்டி பற்றி உங்கள் கணக்குப்பிள்ளை சொல்வதை நீண்ட காலத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கொல்லத்தில் குவிந்திருந்த இந்தத் தொழில் எல்லை தாண்டி இங்கே வேர்விட்டதற்கு முக்கியமான ஒரு காரணம், கேரளத்தில் குறைந்தபட்சக் கூலி உயர்ந்ததும், வீடுகளில் வைத்து அண்டியை வறுத்துத் தல்லும் குடிவறுப்பு தடை செய்யப்பட்டதும். இங்கே கூலி மலிவு என்பதே பல ஆபீசுகளின் மூலதனமாக இருந்தது. ஆனால் இன்று தோட்டண்டி ஐவரி கோஸ்டிலிருந்தும் தான்சானியாவிலிருந்தும் கப்பலில் வருகிறது. இயந்திரமயமான வியட்நாம் 2006 வாக்கிலேயே ஏற்றுமதியில் இந்தியாவை முந்திவிட்டது. கூலியில் பாதியை மறைத்தாலும் இயந்திரத்தின் செலவுக்கு இறங்கிப் போட்டியிட முடியாது. கையால் தல்லிய முழுப் பருப்பின் தரத்தில்தான் நமக்கு ஏதாவது இடம் உண்டு. அந்தத் தரம் அனுபவமுள்ள பெண்களின் விரலில் இருக்கிறது. பல ஆபீசுகளில் இளம்பெண்கள் வேலைக்கு வராததையும், இருப்பவர்களின் வயது ஏறிக்கொண்டே போவதையும் நீங்களும் கவனித்திருப்பீர்கள். பி.எஃப். இருக்கிறது என்பதற்காகவே ஓர் ஆபீசிலிருந்து மற்றோர் ஆபீசுக்கு மாறிய பெண்களை எனக்குத் தெரியும். அவர்கள் எத்தனை பேர், அதனால் அந்த ஆபீசுக்கு எவ்வளவு கூடுதலாக வந்தது என்று எண்ணிக் காட்ட என்னிடம் ஏடு இல்லை. ஆகவே இதை உறுதியானவற்றோடு சேர்க்காமல், என் கணிப்பு என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பதிவேட்டின் இன்னொரு தீங்கை முதலாளிகள் கடைசியில்தான் உணர்கிறார்கள். பொய்க் கணக்கு எழுதுவது பழகிவிட்ட இடத்தில் உண்மையான எண் என்று ஒன்று இல்லாமல் போய்விடுகிறது. எத்தனை பேர் எத்தனை நாள் வேலை செய்தார்கள் என்பது மறைந்தால், எவ்வளவு தல்லப்பட்டது என்பதும் மறையும். மூட்டைக்கு எவ்வளவு பருப்பு தேற வேண்டும் என்ற சோதனையும் செல்லாது. அப்புறம் டின் குறைந்தாலும் கண்டுபிடிக்க வழியில்லை. முதலாளிக்காக இரண்டாவது பதிவேடு வைத்தவர் தனக்காக மூன்றாவதை வைத்திருந்ததை நான் இரண்டு இடங்களில் பார்த்தேன். இரண்டு முதலாளிகளும் புகார் கொடுக்கவில்லை. கொடுத்தால் இரண்டாவது பதிவேடும் வெளியே வந்துவிடும். உங்கள் கணக்குப்பிள்ளை அப்படிப்பட்டவர் என்று நான் சொல்லவில்லை. அப்பாவின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு எழுதியவராகவே இருப்பார். ஆனால் அவர் நல்லவரா என்று ஏட்டை வைத்து நீங்கள் அறிய முடியாத நிலையில் அவரையும் நிறுத்திவைத்திருக்கிறீர்கள். பெரிய அளவிலும் இதே நிகழ்வுதான். 2009 ஜனவரியில் சத்யம் என்ற மென்பொருள் நிறுவனத்தின் தலைவர், இல்லாத 5,040 கோடி ரூபாயை ரொக்கமாகவும் வங்கி இருப்பாகவும் கணக்கில் காட்டியிருப்பதாக ஒப்புக்கொண்டபோது, உண்மைக்கும் ஏட்டுக்கும் இடையில் முதலில் இருந்தது சிறிய இடைவெளிதான், ஆண்டுக்காண்டு அது வளர்ந்தது என்றும் சொன்னார்.

லாபம் ஈட்டுவதுதான் வணிகத்தின் ஒரே கடமை என்று அமெரிக்கப் பொருளியலாளர் மில்டன் ஃப்ரீட்மன் சொன்னதாக உங்கள் நண்பர் ஒருவர் வாதிட்டதையும் எழுதியிருந்தீர்கள். அவர் 1970இல் எழுதியது உண்மை. ஆனால் ஏமாற்றும் மோசடியும் இல்லாத திறந்த போட்டியில், விதிகளுக்கு உட்பட்டு என்ற நிபந்தனையோடுதான் எழுதினார். இரண்டு பதிவேட்டுக்கு அவரிடமிருந்து சான்றிதழ் கிடைக்காது.

பிடிபடுவோமா என்ற கேள்விக்கும் நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். பிடிபடாமலே ஓடி, பிடிபடாமலே மூடிய ஆபீசுகள் நிறைய உண்டு. அச்சத்தை மட்டும் காரணமாக வைத்து ஒழுங்குக்கு வருகிறவர்கள், ஐந்து ஆண்டு அதிகாரி யாரும் வராவிட்டால் மறுபடி வழுக்கிவிடுவார்கள். நான் சொல்வது, கேட்க ஆள் வந்தாலும் வராவிட்டாலும் அது கடன் என்பது. உங்கள் அப்பா வங்கியில் வாங்கிய கடனை, வங்கி மறந்துவிட்டது என்பதற்காக நீங்கள் லாபத்தில் சேர்ப்பீர்களா? வங்கி மறக்காது, பெண்களுக்குத் தெரியாது என்பதைத் தவிர இரண்டுக்கும் வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

செய்ய வேண்டியது பற்றி. அடுத்த கூலி நாள் முதல் ஒரே பதிவேடு. அதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. ஆபீசைப் பல துண்டாகப் பிரித்து உறவினர் பெயர்களில் காட்டி, ஒவ்வொன்றையும் பி.எஃப். சட்டம் பொருந்தும் 20 பேர் என்ற வரம்புக்குக் கீழே கொண்டுவரலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்; ஒரே நிர்வாகம், ஒரே வளாகம் என்றால் அதை ஒரே நிறுவனமாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். பழைய பாக்கி முழுவதையும் இந்த ஆண்டே கட்ட உங்களிடம் பணம் இருக்காது என்பதை நான் அறிவேன். அதற்காக ஆபீசை மூடுவதால் 64 குடும்பங்களுக்கு நன்மை இல்லை. விடுபட்டவர்களைச் சேர்க்க பி.எஃப். நிறுவனம் இழப்பீட்டைப் பெரிதும் குறைத்துச் சலுகைத் திட்டங்களை அறிவிப்பது உண்டு. 2017இலும் 2025இலும் அப்படி அறிவித்தார்கள். நீங்கள் கட்டப் போகும் நாளில் எது நடப்பில் இருக்கிறது என்று அன்றே சரிபாருங்கள். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்துவிட்டதால், பழைய சட்டப் பிரிவு எண்களை வைத்துக்கொண்டு யார் ஆலோசனை சொன்னாலும் ஒன்றுக்கு இரண்டு முறை கேளுங்கள். பணிக்கொடைக்கு மாதந்தோறும் ஒரு தொகையைத் தனிக் கணக்கில் ஒதுக்குங்கள். சின்னத் தொகையாக இருந்தாலும் பரவாயில்லை, ஆபீஸ் செலவுக்கு அதில் கைவைக்காமல் இருந்தால் போதும். வரும் சீசனில் தோட்டண்டி வாங்கும் அளவைக் கொஞ்சம் குறைத்து, கிடைத்ததை நிதானமாகத் தல்லி முழுசைக் கூட்டுங்கள். இந்தக் கூடுதல் செலவை ஈடுகட்ட நான் காணும் வழி அதுதான். இரண்டு சீசன் நட்டத்தைத் தாங்கும் பணம் இருக்கிறதா என்பதை சொத்தையும் கடனையும் காட்டும் ஐந்தொகையைப் பார்க்காமல் சொல்ல மாட்டேன்.

கணக்குப்பிள்ளையிடம் இதை எப்படிச் சொல்வது என்று தயங்குகிறீர்கள். அவர் உங்களைச் சிறு வயதிலிருந்து பார்த்தவர், நீங்கள் அண்ணன் என்று அழைப்பவர். குற்றம் சாட்ட வேண்டாம். அவரையே உட்காரவைத்து, 64 பேரின் பெயர், சேர்ந்த ஆண்டு, யு.ஏ.என். என்ற பி.எஃப். அடையாள எண், பி.எஃப். ஏட்டில் இதுவரை காட்டியிருக்கும் சேவை என்று ஒரு பட்டியல் எழுதச் சொல்லுங்கள். உண்மையில் சேர்ந்த ஆண்டு அவருக்குத்தான் மனப்பாடமாகத் தெரியும். எழுதி முடித்த பிறகு, ஏட்டில் எட்டாவது, ஒன்பதாவது ஆண்டில் நிற்பவர்களாகவும் வயது ஐம்பத்தைந்தைத் தாண்டியவர்களாகவும் இருப்பவர்களின் பெயருக்கு நேரே ஒரு கோடு போடச் சொல்லுங்கள். கட்ட முடிகிற பணம் எவ்வளவாக இருந்தாலும், முதலில் அந்தக் கோடு போட்ட பெயர்களுக்குக் கட்டுங்கள்.